ஹார்ன் அடிக்காத டிரைவர்

ரிங்லெட்டைத் தாண்டி லெம்பா பெர்த்தாமுக்கு இறங்கும் சாலையில், எத்தனையாவது வளைவு என்று எண்ணுவதை விட்டுவிட்டு, சுபத்ரா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“ஹார்ன் அடிங்க.”

“எதுக்கு?”

“முன்னால ஒண்ணுமே தெரியலைங்க. ஒரே பனி. எதுத்தாப்ல லோரி வந்தா?”

“வந்தா அவன் லைட் தெரியும்.”

“லைட் போடாம வந்தா?”

“அப்ப அவன் ஹார்ன் அடிப்பான்.”

புனிதன் இருபத்தாறு வருடங்களாகக் கிள்ளானில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். ஹார்ன் அடிக்கிறவனுக்கு ஓட்டத் தெரியாது என்பது அவன் கட்சி. மாடு குறுக்கே நின்றால் காடியை நிறுத்தி, அது நகரும்வரை காத்திருப்பான். கை மட்டும் ஹார்ன் பக்கம் போகாது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவன் ஹார்ன் அடித்து சுபத்ரா கேட்டதே இல்லை.

அந்த இருபத்தைந்து வருடத்தைக் கொண்டாடத்தான் இந்தப் பயணம். ஒப்பந்தம் எளிது: ஒரு மடம், ஒரு கடல். அவளுக்குப் பழைய புத்த மடங்கள் பிடிக்கும். ஏன் என்று கேட்டால், “அங்க யாரும் என்னைய டீ கலக்கச் சொல்றதில்ல” என்பாள். அவனுக்குக் கடற்கரை ஊரும் பொரித்த மீனும் போதும். பினாங்கில் பர்மியர்கள் கட்டிய பழைய விகாரை, அதற்குப் பதிலாகக் கோலா செப்பெத்தாங். ஈப்போவில் குகைக்குள் இருக்கும் மடம், அதற்குப் பதிலாக லுமூட். பிறகு கம்போங் ராஜா வழியாக மலையேறி, இன்று இங்கே. பெர்த்தாம் ஆற்றங்கரையில் சீனப் பெண் துறவிகளின் சின்ன மடம் ஒன்று இருப்பதாக அவள் எங்கோ படித்திருந்தாள். எழுபது வருடப் பழசு. தகரக் கூரை. இப்போது இரண்டே இரண்டு பேர்.

மடங்களுக்குள் அவன் போவதில்லை. முட்டி அறுவைக்குப் பிறகு படிக்கட்டு என்றாலே ஆகாது. வாசலில் இருக்கும் கடையில் உட்கார்ந்துவிடுவான். அரைமணி கழித்து அவள் வெளியே வந்து தூரத்திலிருந்து அவனைப் பார்ப்பாள். அவன் கையிலிருக்கும் கிளாஸை உயரத் தூக்கிக் காட்டினால், ‘நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல, நீ உள்ள போ’ என்று அர்த்தம். பினாங்கில் மூன்று தடவை தூக்கினான். ஈப்போவில் நான்கு.

“இன்னொரு தடவ தூக்குனீங்க, மொட்ட அடிச்சிட்டு அங்கயே உக்காந்துருவேன்” என்று ஈப்போவில் அவள் எச்சரித்திருந்தாள்.

மேலே தேயிலைச் சரிவுகள், கீழே பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். நடுவில் சாலை ஓரமாக ஓர் ஒட்டுக்கடை தெரிந்ததும் புனிதன் காடியை நிறுத்தினான். கடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு மண்பாதை தோட்டங்களுக்கு நடுவே ஆற்றுக்கு இறங்கியது. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் பலகை. அதில் ஓர் அலை. அலைக்கு முன்னால் ஓடும் ஒரு மனிதன்.

“என்னங்க இது?”

“மழக்கால போர்டு. எல்லா ஆத்துலயும் வச்சிருப்பான்.”

கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். அறுபது வயது இருக்கும். தலையில் முக்காடு, கையில் கரண்டி.

“வாங்க தம்பி. என்ன சாப்பிடுறீங்க?”

“ஒரு மீ கோரேங், ஒரு தே தாரேக். மடம் எங்கக்கா இருக்கு?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம். பனி விலகுனா இங்கேர்ந்தே தெரியும்.” சொல்லிவிட்டு அவள் தே தாரேக் டீயை நுரைக்க ஆற்றி, கிளாஸில் ஊற்றி மேசையில் வைத்தாள்; பின்கட்டு அடுப்புக்குப் போனாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எங்கோ மேலிருந்து, நீளமாக, ஏறி இறங்கி.

சுபத்ரா பாதையில் கால் வைத்தவள் நின்றாள். “அது என்ன சத்தம்?”

புனிதனுக்கு உடனே சிரிப்பு வந்தது. அவன் பிறந்ததே இந்த மலையில்தான். மேலே தெரியும் தேயிலைச் சரிவுக்குப் பின்னால் தொழிலாளர் லயத்தில் பதினைந்து வயதுவரை இருந்தவன். இந்த ஊரில் எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருந்தது. காலையிலிருந்து அவளுக்கு அதைத்தான் காட்டிக்கொண்டு வந்தான்: இது துரை பங்களா, இது கிராணி வீடு, இது கொழுந்து எடை போட்ட இடம்.

“தோட்டத்துச் சங்கு. வேல முடிஞ்சா ஊதுவாங்க. மூணு மணிக்கு மேல ஆச்சுல்ல.”

“நெசமாவா? அந்த போர்டுல…”

“சுபா, நான் இங்க பொறந்தவன். இந்தச் சங்குக்குத்தான் எங்கம்மா எந்திரிக்கும், இந்தச் சங்குக்குத்தான் வீட்டுக்கு வரும். எனக்குத் தெரியாதா? போயிட்டு வா. நான் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள வந்துரு.”

“நீங்க முடிக்கிறதுக்குள்ளயா? அப்ப சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு.”

சிரித்துக்கொண்டே இறங்கினாள். அவளுடைய ஊதா நிறக் குளிர்ச்சட்டை பனிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, மறைந்தது.

பத்து நிமிடம் கழித்து நூடுல்ஸ் தட்டோடு வந்த கடைக்காரம்மா எதிர் நாற்காலியைப் பார்த்தாள்.

“தங்கச்சி எங்க? காடியில இருக்காங்களா?”

“மடத்துக்குப் போயிருக்கா.”

“எப்ப?”

“இப்பத்தான். சங்கு ஊதுச்சுல்ல, அப்ப.”

“எந்தச் சங்கு?”

“தோட்டத்துச் சங்குதான்.”

தட்டு மேசையில் ‘டங்’ என்று விழுந்தது. “தம்பி, தோட்டத்துச் சங்க நிறுத்தி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப வேலைக்கு வர்றவனெல்லாம் வங்காளி. போன்ல மெசேஜ் போட்டுக் கூப்புடுறாங்க. அது அணைக்கட்டு சைரன்!”

புனிதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“மேல மழ ஜாஸ்தி. தண்ணி தொறக்கப் போறாங்கன்னு ஊதுனது. எங்களுக்கெல்லாம் தெரியும், யாரும் ஆத்துல எறங்க மாட்டோம். நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்திருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்! அல்லாவே, பாலம் தண்ணியோட ஒட்டி இருக்கும் தம்பி. வெறும் பலகப் பாலம்!”

போனை எடுத்தான். லைன் இல்லை. மறுபடியும் அழுத்தினான். லைன் இல்லை. போனை மேசையில் எறிந்துவிட்டுப் பாதையை நோக்கி ஓடினான்.

“அந்தக் கால வச்சுக்கிட்டு எங்க ஓடுறீங்க!” பின்னால் கடைக்காரம்மா கத்தினாள்.

இருபது அடிகூடப் போகவில்லை. மழையில் ஊறிய செம்மண் வழுக்கியது. முட்டி மடங்கி, பக்கவாட்டில் விழுந்து, ஒரு கோசுப் பாத்தியில் போய் முட்டினான். எழ முயன்றபோது கால் உதறிக்கொண்டு கீழே போனது. “சுபா!” என்று கத்தினான். பனி அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கியது. கீழே ஆறு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு கேட்டதைவிட அதன் குரல் தடித்திருந்தது.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? பாலத்தில் நின்று படம் எடுக்கிறாளா? அவள் நிற்பாள். ஓடுகிற தண்ணீரைக் கண்டால் நிற்கிறவள். செப்பெத்தாங்கில் படகுத்துறையில் அரைமணி நேரம் நின்றாளே.

கைகளை ஊன்றித் தவழ்ந்து மேலே வந்தான். கால் கடை வரைக்கும்தான் வந்தது. அடுத்து இருந்தது காடி.

கதவைத் திறந்தான். ஸ்டியரிங்கின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினான்.

ஹார்ன் அலறியது. விட்டு, அழுத்தி, விட்டு, அழுத்தி, கடைசியில் விடாமல் அழுத்திப் பிடித்தான். இந்தச் சத்தம் பனியைத் துளைக்கும். அவளுக்குத் தெரியும். புனிதன் ஹார்ன் அடிக்க மாட்டான். அடிக்கிறான் என்றால் என்னவோ நடந்திருக்கிறது. ஓடி வருவாள். வா சுபா. ஓடி வா.

கடைக்காரம்மா காடியின் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். அவன் கவனிக்கவில்லை. கதவை இழுத்துத் திறந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நிறுத்துங்க! தம்பி, நிறுத்துங்க லா! நேரத்தப் பாருங்க. அவங்க போயிப் பதினஞ்சு நிமிசம் ஆயிருக்கும். எறங்குறதுக்கு எட்டு நிமிசந்தான். மடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. மடம் மேட்டுல இருக்கு. ரெண்டாயிரத்துப் பதிமூணுல இங்க சேறும் தண்ணியும் வந்தப்பகூட அங்க ஏறல.”

“அப்போ…”

“அப்போ நீங்க அடிக்கிற ஹார்ன கேட்டுட்டு அவங்க திரும்ப எறங்கி வந்தா? பாலத்துக்கு வந்தா?”

கை தானாக விலகியது.

ஹார்ன் நின்ற பிறகு வந்த அமைதி அவனுக்கு இன்னும் பெரிய பயத்தைக் கொடுத்தது.

அவள் இந்தக் கரையில் இருந்தால், ஹார்ன் அடிக்க வேண்டும். அந்தக் கரையில் இருந்தால், அடிக்கவே கூடாது. பாலத்தில் இருந்தால்?

எந்தக் கரை? யாரைக் கேட்பது? இந்த மலையில் எதைக் கேட்டாலும் பதில் சொன்னவனுக்கு, இந்த ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை. கை ஹார்ன் பக்கம் போனது, நின்றது. மறுபடியும் போனது, நின்றது.

சைரன் இரண்டாவது முறை ஊதியது.

“ரெண்டாவது ஊதுனா தண்ணி கெளம்பிருச்சுன்னு நாங்க வச்சுக்குவோம்” என்றாள் கடைக்காரம்மா மெதுவாக. அவள் உதடுகள் துவா ஓதிக்கொண்டிருந்தன.

மேலிருந்து காற்று ஒன்று இறங்கியது. தேயிலைச் சரிவை உரசிக்கொண்டு வந்து, கடையின் தகரத்தைத் தடதடக்க வைத்து, பள்ளத்தாக்கில் விழுந்தது. பனி கிழிந்தது.

முதலில் கோசுப் பாத்திகள் தெரிந்தன. பிறகு பிளாஸ்டிக் கூரைகள். பிறகு ஆறு. அது பழுப்பு நிறத்தில், கரைகளை நக்கிக்கொண்டு, அகலமாகிக்கொண்டிருந்தது. குறுக்கே கோடு போட்டதுபோல் பலகைப் பாலம். அந்தப் பக்கத்து மேட்டில் சிவப்புக் கதவு வைத்த ஒரு சின்னக் கட்டடம்.

கட்டடத்திலிருந்து இறங்கும் படிகளில் ஊதா நிறத்தில் ஒன்று ஓடி வந்துகொண்டிருந்தது.

“சுபா!”

படிகளில் அவளுக்குப் பின்னால் சாம்பல் நிற அங்கி போட்ட ஓர் உருவம், மிகவும் வயதான உருவம், இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்தது. சுபத்ரா திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தின் அந்தப் பக்க முனைக்கு வந்துவிட்டாள். தண்ணீர் பலகைகளைத் தொட்டுத் தொட்டு விலகியது.

“வராதே! போ! உள்ள போ!” தொண்டை கிழியக் கத்தினான். கைகளைத் தலைக்கு மேல் வீசினான். ஆற்றின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவன் கையை வீசியதைப் பார்த்ததும் அவள் முதல் பலகையில் கால் வைத்தாள்.

அவனுக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. அங்கிருந்து பார்ப்பவளுக்குத் தான் எப்படித் தெரிவேன்? ஹார்ன் அடிக்காத புருஷன் ஹார்ன் அடித்தான். சேறு அப்பிய சட்டையோடு நொண்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு கைகளையும் வீசி அலறுகிறான். நெஞ்சுவலி என்று நினைப்பாள். கூப்பிடுகிறான் என்று நினைப்பாள். தான் கத்தக் கத்த அவள் வேகமாக வருவாள்.

இரண்டாவது பலகை. தண்ணீர் அவள் செருப்பின் மேல் ஏறியது.

புனிதன் திரும்பி மேசையைப் பார்த்தான். ஆறிப்போன தே தாரேக். அதை எடுத்தான். எடுத்த வேகத்தில் பாதி அவன் சட்டையிலேயே கொட்டியது. சாலை விளிம்புக்கு வந்தான். வலிக்கிற காலையும் சேர்த்து ஊன்றி நேராக நின்றான். பல்லைக் கடித்து, வாயை அகட்டி, சிரித்தான். அந்தத் தூரத்தில் சிரிப்பு தெரியாது. ஆனாலும் சிரித்தான்.

கிளாஸை உயரத் தூக்கிக் காட்டினான்.

அவள் நின்றாள்.

அவன் இன்னொரு கையால் நாற்காலியை இழுத்துப் போட்டான். அதில் சாவகாசமாக உட்கார்ந்தான். வலிக்கிற காலை எடுத்து மறுகால் மேல் போட்டுக்கொண்டான். உயிர் போனது. கிளாஸை ஒரு வாய் குடித்து, மறுபடியும் தூக்கினான். ‘நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல. நீ உள்ள போ.’

“தம்பி, என்ன பண்றீங்க?” கடைக்காரம்மா மிரண்டு கேட்டாள்.

“பேசாதீங்கக்கா. சிரிங்க. அவள பார்த்துச் சிரிங்க.”

அந்தம்மாவும் அழுகிற கண்களோடு, கரண்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

பாலத்தின் மேல் சுபத்ரா இடுப்பில் கை வைத்து நின்றாள். அந்த நிற்பு அவனுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டால் இப்படித்தான் நிற்பாள். அவள் காலடியில் தண்ணீர் பலகையின் மேல் மெல்லிய கண்ணாடிபோல் ஓடியது. போ. திட்டு, ஆனால் திட்டிக்கொண்டே போ. கிளாஸ் அவன் தலைக்கு மேல் ஆடியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

அவள் தலையை ஒரு வெட்டு வெட்டித் திரும்பினாள். ஒரு பலகை. இரண்டு பலகை. கரை. சாம்பல் அங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டது. இருவரும் படியேறத் தொடங்கினார்கள். பத்துப் படி. இருபது படி.

பிறகு அது வந்தது. சுவர்போல் எல்லாம் வரவில்லை. ஆறு மூச்சை இழுத்து எழுந்ததுபோல் வந்தது. மரக்கிளைகள், ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி, நுரை. பாலம் நடுவில் வளைந்தது. ஒரு பலகை எழும்பித் திரும்பியது. அப்புறம் அங்கே கோடே இல்லை.

பனி மறுபடியும் மூடிக்கொண்டது.

ஐந்து மணிக்கு, மேல்சாலை வழியாகச் சுற்றி வந்த ஒரு காய்கறி லோரி கடை வாசலில் நின்றது. சீனத் தோட்டக்காரர் ஓட்டினார். சுபத்ரா இறங்கினாள். கால் முழுக்கச் சேறு. ஒரு செருப்பு இல்லை.

“உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா?” இறங்கும்போதே தொடங்கிவிட்டாள். “நான் உங்களுக்கு நெஞ்சு வலிதான்னு முடிவே பண்ணிட்டேன்! அந்த வயசான மடத்தம்மா மலாய்ல ‘ஆயர், ஆயர்’ன்னு, தண்ணி தண்ணின்னு, கைய விடவே இல்ல. பெரிய தண்ணி வருது, போகாதன்னு சொன்னாங்க. சைரன் அதுக்குத்தானாம். எனக்குப் புரிஞ்சது. ஆனா நீங்க ஹார்ன் அடிச்சீங்களே! இருவத்தஞ்சு வருசத்துல அடிக்காத மனுசன்! தண்ணி வந்தா வரட்டும்னு கைய உதறிட்டு வந்தேன். வந்து பார்த்தா, காலுமேல காலப் போட்டு…”

அவள் நிறுத்தினாள். அவன் இன்னும் அந்த நாற்காலியிலேயே இருந்தான். முட்டி இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. கையில் காலிக் கிளாஸ்.

“அத வாங்கி வைங்க தங்கச்சி” என்றாள் கடைக்காரம்மா. “ஒரு மணி நேரமா கீழ வைக்கச் சொல்றேன். வைக்க மாட்டேங்குறாரு.”

சுபத்ரா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கிளாஸை எடுத்தாள். விரல்கள் மரக்கட்டைபோல் இருந்தன. அவள் சேற்றைப் பார்த்தாள்; கோசு இலை ஒட்டியிருந்த அவன் முழங்கையைப் பார்த்தாள்; சட்டையில் காய்ந்திருந்த தேநீரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அது சங்கு இல்ல சுபா” என்றான். “எனக்குத் தெரியாது. சங்கு இன்னும் இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது. தெரியலன்னு சொல்ல வாய் வரல. அதான் அனுப்பிட்டேன்.”

கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது. அவள் அவன் கையை எடுத்துத் தன் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு பாகான் டத்தோ. கடல்” என்றாள் கடைசியில். “உங்க முறை.”

“வேணாம்.”

“ஏன்?”

“தண்ணி இல்லாத ஊரா பாரு.”

கடைக்காரம்மா அவனிடம் கேட்காமலே இரண்டு புதுத் தே தாரேக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தன்னுடையதைத் தொடவே இல்லை.